கசாயத்தால தீராத தலைச்சுற்று

சுகந்தினி,

நேரில சொன்னால் எழும்பிப் போயிடுவீர். அதுதான் எழுதி வைக்கிறன்.

தலைச்சுற்றுக்கெண்டு இங்க லண்டன் டூட்டிங்கில இருக்கிற சீன மருந்துக் கடைக் கசாயத்தை ரெண்டு மாசமாக் குடிக்கிறீர். நேற்றும் ஸ்டேசனில தலைசுற்றி, வாற ரெயிலுக்கு முன்னால விழப் பார்த்தீர். டொக்டரைக் கேட்டன். அந்த மூலிகையளுக்கு உறுதியான ஆதாரம் இல்லையாம், செய்த ஆய்வுகள் எல்லாம் சின்னதாம்.

வன்னிச் சண்டையில உம்மட தம்பி காணாமல் போன மே மாசத்திலயிருந்து நீர் விரதம் எண்டு ஒரு நேரம்தான் சாப்பிடுறீர். அதை நான் டொக்டருக்குச் சொல்லேல்லை. கடைக்காரிக்கு நீரும் சொல்லியிருக்க மாட்டீர்.

பட்டினி கிடந்தால் அவன் வருவான் எண்டதுக்கும் ஆதாரம் இல்லையப்பா.

சோறு மேசையில மூடி இருக்கு. சாப்பிடும். அவன் ஒருநாள் போன் எடுத்து அக்கா எங்கை எண்டு கேட்டால், நான் என்ன சொல்லுறது?

உம்மட மனுசன்