துரைக்கு நான் போட்ட விளக்கு

மார்ச் 4
மகள் வளர்க்கும் பச்சோந்தி துரையின் கூண்டைத் துடைக்கப் போய், மேலே இருந்த நீள டியூபைக் கை தவறிப் போட்டு உடைத்தேன். அவள் பயிற்சிக்கு வெளியூர் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. "துரையைப் பத்திரமாப் பாத்துக்கங்கப்பா" என்று நாலு தடவை சொல்லிவிட்டுப் போனவள். போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். இருபத்தாறு வருடமாக விளக்குக் கடையில் நிற்பவன், ஒரு டியூப் மாட்ட மகளிடம் கேட்பதா? சாயங்காலம் கடையிலிருந்து அதே நீளத்தில் ஒன்று கொண்டுவந்து மாட்டினேன். பழையதைவிடப் பளிச்சென்று இருக்கிறது.

மார்ச் 27
துரைக்கு என் விளக்கு பிடித்துப்போய்விட்டது. காலையில் டியூபையும் பக்கத்துச் சூட்டு பல்பையும் போட்டதும் உச்சிக் கிளைக்கு வந்து, உடம்பைத் தட்டையாக்கி, கறுத்துப் போய்க் குளிர் காய்வார். முன்பெல்லாம் அரை மணி நேரம். இப்போது மத்தியானம்வரை ஐயா இறங்குவதே இல்லை. மகளிடம் போனில் பெருமையாகச் சொன்னேன்.
"டியூப் சரியா எரியுதாப்பா?"
"ஜோரா எரியுது."
எரிகிறதுதானே?

ஏப்ரல் 30
வெட்டுக்கிளியைக் குறிவைத்து நாக்கை நீட்டுகிறது. எட்டவில்லை. சோம்பல் போல.

மே 22
கிளையிலிருந்து விழுந்துவிட்டது. முன்கால் வளைந்திருக்கிறது. மகள் படம் கேட்டாள். மார்ச்சில் எடுத்த பழைய படத்தை அனுப்பினேன். ஏன் இப்படிச் செய்கிறேன்?

மே 23
கூண்டோடு மிருக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். எலும்பெல்லாம் இளகிவிட்டதாம். கூண்டின் டியூபைப் பார்த்ததுமே தலையில் கை வைத்தார்.
"இது சாதா டியூப். இதுக்குப் புற ஊதாக் கதிர் வேணும். கண்ணுக்குத் தெரியாது. அது பட்டாத்தான் உடம்புல கால்சியம் ஒட்டும். கிடைக்கலன்னா, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு பாவம் விளக்கடியிலயே கிடக்கும்."
மத்தியானம்வரை இறங்காமல் கிடந்ததே. நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். ஊரெல்லாம் சொன்னேன்.
"யாரு போட்டது இதை?"
"மகதான் வாங்கி வச்சா, சார்."
வாய் முந்திக்கொண்டது. சட்டைப் பையின் மேல் கடைப் பெயர் தைத்திருக்கும். அதைக் கையால் மறைத்தபடியே நின்றேன். சீ, நானெல்லாம் ஒரு அப்பன்.
சரியான டியூபை அவரே கொடுத்தார். மாட்டிவிட்டேன்.

ஜூன் 8
துரைக்கு எலும்பு இளகிவிட்டது என்று மட்டும் போனில் சொல்லியிருந்தேன். மகள் வந்துவிட்டாள். வழியிலேயே டாக்டருக்குப் போன் போட்டுப் பேசியிருக்கிறாள்.
"டியூப் பெட்டியில புற ஊதான்னுதான் போட்டிருந்துச்சுப்பா. போலியா இருந்திருக்கு. எனக்குத்தான் பாத்து வாங்கத் தெரியல." அழுதாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். தடவிக் கொடுத்தேனே, பாவி.

ஜூன் 10
டாக்டரே துரையை வைத்துக்கொள்ளட்டும் என்கிறாள். "எனக்கெல்லாம் ஒரு உயிரை வளர்க்கத் தகுதியில்லப்பா." நாளைக் காலையில் கொண்டுபோகிறாளாம்.
சொல்லித் தொலையேன்டா.

ஜூன் 11
சொல்லிவிட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு, கூண்டோடு வாசலில் நின்றாள்.
"நீ வாங்கினது நல்ல டியூப்தாம்மா. நான் உடைச்சுட்டேன். சாதா டியூப் போட்டதும் நான்தான். டாக்டர்கிட்ட உன் தலையில பழியைப் போட்டதும் நான்தான்."
கூண்டைக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றினாள்.
"உடைஞ்சிடுச்சுன்னு சொல்லியிருந்தா நான் ஒண்ணுமே சொல்லியிருக்க மாட்டேனேப்பா."
அவ்வளவுதான். நன்றாகத் திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 2
கால் இனி நேராகாதாம். உயிருக்குப் பயமில்லை.

ஆகஸ்ட் 14
மகள் மறுபடி பயிற்சிக்குக் கிளம்பிவிட்டாள். துரையை மூன்றாம் வீட்டுத் தையல்கார அக்காவிடம் விடச் சொன்னாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.
கூண்டை நானே தூக்கிக்கொண்டு போனேன். கோணல் காலால் கிளையைப் பிடித்துக்கொண்டு துரையும் வந்தது.
"விளக்கு வேலையெல்லாம் உங்களுக்குத் தண்ணி பட்ட பாடாச்சே. உங்க வீட்டுலயே இருக்கட்டுமே?" என்றார் அக்கா.
கடையில் வேலை அதிகம், ஆள் இல்லை என்று எதையாவது சொல்லியிருக்கலாம்.
"நான் பாத்துக்கிட்டதுலதான் அதுக்குக் கால் இப்படி ஆச்சுங்க" என்றேன்.
அக்கா மிஷினை நிறுத்திவிட்டு எழுந்துவந்து கூண்டை வாங்கிக்கொண்டார்.