நடுவில் விட்ட இடம்

மதினி,

நேற்று வாசற்படியில் கால் பிசகிக் கணுக்கால் வீங்கிவிட்டது. மருந்துக்கடையில் பேண்டேஜ் துணிச் சுருள் ஒன்று வாங்கிவந்து உறையைப் பிரித்தேன். வெளுத்துக் காயவைத்த அந்தத் துணியின் வாசனை வந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. இராஜபாளையத்துக்காரர்களுக்கு அது வீட்டு வாசனை. எனக்கோ அது உங்கள் கால்விரல்களின் வாசனை. சிரிக்காதீர்கள். ஓடக் கிளம்பும் முன் விரல் விரலாக அந்தத் துணியைச் சுற்றிக்கொண்டு, எனக்கும் சுற்றிவிட்டு, "ரொம்ப இறுக்காதட்டி, காலு கோவிச்சுக்கிடும்" என்பீர்கள். நேற்றும் இறுக்காமல்தான் கட்டிக்கொண்டேன்.

இராஜபாளையத்தில் உங்கள் அம்மா வீடு பேண்டேஜ் துணி நெய்கிற தறி வீடு. தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரலோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தீர்கள். நீங்கள் அடுக்களையில் சொல்கிற ரகசியம் தெருமுனைப் பால்கோவாக் கடைவரை கேட்கும் என்று நான் கேலி செய்வேன். சீரோடு ஒரு நாயும் வந்தது. வெள்ளை வெளேரென்ற உடம்பு, ரோஸ் நிற மூக்கு. உங்கள் ஊர் வெள்ளை நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காதாம், இதுவும் அப்படி. விலைபோகாத குட்டியைத் தள்ளிவிட்டுவிட்டார்கள் என்று அண்ணன் முனகினான். காது கேட்காததற்குப் பெயர் எதற்கு என்று யாரும் பெயர் வைக்கவில்லை. நீங்கள் மட்டும் குதிகாலால் தரையை ரெண்டு மிதி மிதிப்பீர்கள். எந்த மூலையில் படுத்துக் கிடந்தாலும் எழுந்து வந்துவிடும். "அதுக்குக் காது வயித்துல இருக்கு" என்பீர்கள்.

நம்முடைய ஓட்டம் ஒரு சண்டையில்தான் தொடங்கியது. அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நீங்கள் கேட்க, "இப்பத்தானே போயிட்டு வந்தே, என்ன அவசரம்" என்று அண்ணன் மறித்துவிட்டான். நீங்களோ, மறுநாள் விடியும் முன்னே, பள்ளிக்கூடத்தில் ஓடின காலத்துக் கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, நாயோடு இராஜபாளையத்துக்கு ஓடியே போய், அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பிவிட்டீர்கள். அண்ணன் எழுந்து காபி கேட்டபோது மூச்சு வாங்க வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

என்னிடம் மட்டும்தான் சொன்னீர்கள். அப்போது நான் கல்யாணம் ஆகாமல் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன், வேறென்ன வேலை, நானும் வருகிறேன் என்றேன். சாலையின் இடது ஓரத்தில் நான், நடுவில் நீங்கள், லாரி வருகிற பக்கம் நாய். இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை. அங்கே உங்கள் அம்மா ரெண்டு டம்ளர் மோரோடு வாசலில் நிற்பார். குடித்துவிட்டுத் திரும்பிவிடுவோம். கொஞ்ச நாளில் அண்ணனுக்குத் தெரிந்துபோனது. குதித்தான், பிறகு ஓய்ந்தான்.

மதுரையில் மராத்தான் என்று பேப்பரில் வந்ததை நீங்கள்தான் பார்த்தீர்கள். "நாப்பத்திரெண்டு கிலோமீட்டராம்ட்டி. எங்க அம்மா வீட்டுக்கு ரெண்டு தடவ போயிட்டு வாரதுதான். அம்புட்டுத்தான்." அந்த 'அம்புட்டுத்தான்' இன்னமும் என்னைச் சிரிக்க வைக்கிறது. ரெண்டு பேரும் பெயர் கொடுத்தோம். அதற்குள் உங்களுக்குக் கண் மஞ்சளாகத் தொடங்கியது.

காமாலை இவ்வளவு வேகமாக ஒரு ஆளைத் தின்னும் என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், தறியையே அடக்குகிற உங்கள் குரல் காற்றாகிப் போயிருந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனேன். "நீ ஓடு. எனக்கு எடம் விட்டு ஓடுட்டி, வாரேன்" என்றீர்கள். காய்ச்சலில் பிதற்றுகிறீர்கள் என்று நினைத்து, சரி மதினி என்றேன். அங்கே அப்போது வேறு யாரும் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து, மார்கழியில் ஒருநாள் விடியலில் ஷூவைக் கட்டினேன். உங்கள் கட்டிலுக்கடியிலேயே கிடந்த நாய் தானாக எழுந்து வந்தது. மேற்கே மலை இருந்த இடமே தெரியாத பனி. முதுகுக்குப் பின்னால் கோயில் ஒலிபெருக்கி எங்கோ கிணற்றுக்குள் பாடுவதுபோலக் கேட்டது. ஊர் எல்லை தாண்டிய பிறகுதான் கவனித்தேன். நாய் என் பக்கத்தில் ஓடவில்லை. ஒரு ஆள் ஓடுகிற அகலத்துக்குத் தள்ளி, லாரி வருகிற பக்கத்தில் ஓடியது. நான் நடுவுக்கு நகர்ந்தால் அது விலகியது. நான் ஓரத்துக்குப் போனால் அது நெருங்கியது. நடுவில் அந்த அகலம் மட்டும் கூடவுமில்லை, குறையவுமில்லை. எனக்கு எடம் விட்டு ஓடு என்று நீங்கள் என்னிடம்தானே சொன்னீர்கள், மதினி? இந்த நாய்க்கு யார் சொன்னது? அவ்வப்போது அது தலையைத் தூக்கி, உங்கள் முகம் இருக்க வேண்டிய உயரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டது. எனக்கு உடம்பெல்லாம் மயிர் கூச்செறிந்தது. ஆனாலும் திரும்பிப் போகத் தோன்றவில்லை.

உங்கள் அம்மா ரெண்டு டம்ளரோடு நின்றார்.

"அத்தை, நான் மட்டுந்தான் வந்திருக்கேன்."

"ரெண்டு பேரு ஓடியார சத்தம் கேட்டுச்சே."

"நாய்க்காலா இருக்கும்."

"நாய்க்காலு எனக்குத் தெரியாதாட்டி?" என்று ஒரு டம்ளரை என்னிடம் தந்துவிட்டு, இன்னொன்றைப் படியில் வைத்தார். மோர் என்றால் உயிரை விடுகிற நாய் அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பல விடியல்கள் இப்படியே போயின. தங்கச்சி தனியாக ஓடுகிறாளே என்று அண்ணன் ஒருநாள் சைக்கிளில் பின்னாலேயே வந்தான். கொஞ்ச தூரத்தில் செயின் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். புளியமரத்தடியில் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தான்.

"நீயும் நாயும் நடுவுல ஏன் எடம் விட்டு ஓடுதீக?"

"நான் விடல. நாய் விடுது."

பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தான். பிறகு, "அவ அம்மா வீட்டுக்குப் போறேன்னு கேட்டு நான் எப்பவாது வேண்டாம்னு சொல்லிருக்கேனாட்டி?" என்றான்.

"சொல்லிருக்கீக, அண்ணே" என்றேன். எனக்கு வாய் துடுக்கு என்று உங்களுக்குத் தெரியும். அவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

மராத்தான் ஓட மதுரைக்கு நாயைக் கூட்டிப்போக முடியாது. பழக்கத்தில் வலப்பக்கம் இடம் விட்டுத்தான் ஓடினேன். பாதிவரை கால் தானாகப் போனது. அதற்குமேல் வெயில் ஏறிவிட்டது. பக்கத்தில் பார்த்தேன். தலையை அண்ணாந்து பார்க்க நாய் இல்லை. அன்றுதான் அந்த இடம் முதல்முறையாக வெறும் இடமாக இருந்தது. நீங்கள் செத்துப்போனது எனக்கு உறைத்ததும் அங்கேதான், மதினி. சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள வந்த ஜீப் என்னருகே நின்றது. ஏறிக்கொள்ளம்மா என்று ஒரு கை நீண்டது. நானும் கையை நீட்டினேன்.

அப்போதுதான் வந்தது. காதில் இல்லை. ஜீப் இரைச்சலில் காதில் எதுவும் விழ வழியில்லை. உட்கார்ந்திருந்த தரை வழியாக, இடுப்பெலும்புக்குள், ரெண்டு மிதி.

எழுந்துவிட்டேன். "என்னம்மா, ஏறலையா?" என்றார் அந்த ஆள்.

"மதினி கூப்பிடுதாவ" என்றேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு வண்டியை நகர்த்தச் சொன்னார்.

முடிக்கிற இடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மட்டும் துண்டோடு நின்றான். வருகிறேன் என்று என்னிடம் சொல்லவே இல்லை. என் முகத்தைப் பார்க்காமல், என் வலப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். துண்டை என்னிடம் கொடுத்துவிட்டு, அந்த வெற்றிடத்தைப் பார்த்து, "எம்புட்டு நாளு வேணும்னாலும் அம்மா வீட்டுல இருந்துட்டு வா. நான் ஒண்ணும் சொல்லல" என்றான். குரல் உடைந்துவிட்டது. நானும் அழுதேன். வீட்டுக்கு வந்தபிறகு நாய் என் வலப்பக்கத்தை ஒருமுறை முகர்ந்துவிட்டு, உங்கள் கட்டிலுக்கடியில் போய் நிம்மதியாகப் படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அது நடுவில் விட்ட இடத்தை அடைத்துக்கொண்டு என்னை ஒட்டியே ஓடியது. நீங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நாய் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அண்ணனும் போய்விட்டான். நான் இப்போதும் காலையில் நடக்கிறேன், ஓட்டமெல்லாம் இல்லை. கூட வருகிறவர்களை வலப்பக்கம் வரவிடுவதில்லை. திமிர் பிடித்தவள் என்று நினைக்கிறார்கள், நினைத்துக்கொள்ளட்டும். போன மாதம் டாக்டர் என் ரெண்டு காதும் மந்தமாகிவருகிறது, மெஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கணுக்கால் ரெண்டு வாரத்தில் சரியாகிவிடும். அவசரமில்லை, மதினி. வேளை வரும்போது பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம், எனக்குக் கேட்காது. ரெண்டு மிதி மிதியுங்கள். எந்த மூலையில் படுத்துக் கிடந்தாலும் எழுந்து வருகிறேன்.