பெரியவர் தூங்குகிறார்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது என்றுதான் ஒவ்வொரு கடிதத்தையும் ஆரம்பிப்பேன். இந்த முறை அந்த வரி எழுதக் கை வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறு. முதலில் நம் தியேட்டர் கதையைக் கேள்.

போன வாரம் முழுவதும் ‘எல்லோருக்குமான காட்சிகள்’ என்று வாசலில் போர்டு வைத்தோம். மற்ற தியேட்டர்களுக்குப் போக முடியாதவர்கள், போனாலும் உட்கார முடியாதவர்கள், அவர்களுக்காக ஒரு வாரம். ஒரு நாள் காது கேளாதவர்களுக்கு, வசனம் திரையில் எழுத்தாக ஓடும் படம். ஒரு நாள் கைக்குழந்தைக்காரிகளுக்கு. ஒரு நாள் சத்தமும் இருட்டும் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு, பாதி விளக்கும் பாதிச் சத்தமுமாக. உன் மாமா தானே சிமெண்ட் குழைத்து வாசலில் சாய்தளம் போட்டார். அவர் சமர்த்துதான் உனக்குத் தெரியுமே. சோதித்துப் பார்க்க ஏற்றிய சக்கர நாற்காலி அவரையும் தள்ளிக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டது. முணுமுணுத்துக்கொண்டே இடித்துவிட்டு மறுபடி போட்டார். முன்வரிசையில் பாதி சீட்டுகளைக் கழற்றிவிட்டோம்.

காது கேளாதவர்கள் வந்த அன்று ஒரு வேடிக்கை. நடிகர் வாய் திறப்பதற்குள் எழுத்து வந்துவிடுகிறது அல்லவா, அதனால் அவர்கள் முதலில் சிரித்தார்கள், கூட வந்தவர்கள் பிறகு சிரித்தார்கள். டிக்கெட் கிழிக்கும் அண்ணன், “நமக்குத்தாம்மா எல்லாம் லேட்டா ஏறுது” என்றார்.

அப்பாவின் சட்டம் உனக்கு மறந்திருக்காது. படம் ஆரம்பித்தால் கதவு சாத்தியாக வேண்டும், மந்திரியே வந்தாலும் வெளியில்தான். உன்னையே ஒரு தடவை புத்தகப் பையோடு வெளியில் நிறுத்தினாரே. இந்த வாரம் கதவைச் சாத்தவே இல்லை. பிள்ளைகள் நடுவில் எழுந்து ஓடுவார்கள், திரும்பி வருவார்கள், திறந்துதான் இருக்க வேண்டும் என்று அவரிடம் போய்ச் சொன்னேன். குதிப்பார் என்று நினைத்தேன். “சரி” என்றார், அவ்வளவுதான். தம்பி, அப்பா அப்படிச் ‘சரி’ என்று சொல்லி நீ கேட்டிருக்கிறாயா?

கண் தெரியாதவர்களுக்கான காட்சி என் தலையில் விழுந்தது. நான் ஆபரேட்டர் அறையில் மைக் முன்னால் உட்கார்ந்து, வசனத்துக்கு நடுவில் திரையில் நடப்பதைச் சொல்ல வேண்டும். அவர்கள் அதை இயர்போனில் கேட்பார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு வக்கீலம்மா. பிறவியிலேயே பார்வை இல்லாதவர், நாக்கு மட்டும் கத்தி. “அழகா சொல்ல வேணாம். பார்த்ததைச் சொல்லுங்க. சேர்க்காதீங்க, முழுங்காதீங்க” என்றார். தியேட்டருக்கு மேலே மாடியில் படுத்திருக்கும் அப்பாவுக்கும் ஓர் இயர்போன் கொடுத்துவிட்டு வந்தேன். ஆம், படுத்துத்தான் இருக்கிறார். அதற்கும் வருகிறேன்.

படம் பழைய படம். ஊரைவிட்டுப் போன மகனுக்காக ஒரு கிழவர் தினமும் ரயில் நிலையத்தில் போய் உட்காருகிறார். கடைசியில் ஒரு ரயில் வந்து நிற்கிறது. வசனமே இல்லாத காட்சி. குடை அவர் கையிலிருந்து நழுவுகிறது. கண் திறந்தே இருக்கிறது. அதில் ஓர் ஈ வந்து உட்காருகிறது, இமை ஆடவில்லை. இதையெல்லாம் நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. “பெரியவர் தூங்குகிறார்” என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த காட்சியில் மகன் கதறி அழுகிறான். அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டதே. முடிந்ததும் வக்கீலம்மா நேராக என்னிடம் வந்தார். “தூங்குறவரை எழுப்பாம எதுக்கு அந்தப் பையன் அழுறான்? கூட வந்தவங்க எல்லாரும் மூக்கைச் சிந்துறாங்க, நாங்க மட்டும் திருதிருன்னு முழிச்சிட்டு உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குக் கண்ணுதாம்மா தெரியாது. சாவு தெரியும்” என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் அதோடு விட்டிருக்கலாம். என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க சொல்றதை நம்பித்தானே உட்கார்ந்திருக்கோம்” என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மாடிக்குப் போனால் அப்பா இயர்போனைக் கழற்றாமல் கிடந்தார். “அந்தக் கிழவனை எத்தனை தடவை நானே ரீல் ஓட்டிச் சாகடிச்சிருக்கேன். என்கிட்டயே தூங்குறான்னு சொல்றியா” என்றார். சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. அது அடங்கியதும் கேட்டார், “அவனுக்கும் இப்படித்தான் எழுதிக்கிட்டு இருக்கியா?” எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. நீங்கதானே அப்படி எழுதச் சொன்னீங்க, பரிதாபப்பட்டு வர்ற பிள்ளை எனக்கு வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க என்று கத்திவிட்டேன். நோயாளியிடம் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

போனில் பேசினால் பழையபடி ‘எல்லோரும் சுகம்’ என்றுதான் எனக்கு வாயில் வரும். அதனால் எழுதுகிறேன். அலங்காரம் ஒன்றும் இல்லை. பார்ப்பதை மட்டும் சொல்கிறேன்.

மாடி அறை. கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டிருக்கிறோம். அப்பா இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். வயிறு மட்டும் உப்பியிருக்கிறது, மற்றதெல்லாம் வற்றிவிட்டது. நீ வாங்கி அனுப்பிய சட்டையில் இரண்டு அப்பா நுழையலாம். தண்ணீரைக் கரண்டியால் கொடுக்கிறேன், பாதி தலையணைக்குப் போகிறது. தூங்கும்போதும் கண் முழுதாக மூடுவதில்லை. அப்போதெல்லாம் நான் அவர் மார்பில் கை வைத்துப் பார்க்கிறேன். பெரிய டாக்டர், இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று சொல்லிவிட்டார். இன்னும் எவ்வளவு நாள் என்று மாமா கேட்டார். “பையன் யாராவது இருந்தா வரச் சொல்லிடுங்க” என்றுதான் பதில் வந்தது.

தியேட்டரை விற்றுவிடலாம் என்று நீ சொன்னதும், அதற்கு அவர் சொல்லக் கூடாததைச் சொன்னதும், நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதும் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. யார் பக்கம் நியாயம் என்று நான் பேச வரவில்லை. எனக்கு அதற்குத் தெம்பும் இல்லை.

நேற்று அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, தம்பிக்கு எழுதப் போகிறேன், உள்ளதை உள்ளபடி எழுதப் போகிறேன் என்று சொன்னேன். வழக்கமாக ‘வேண்டாம்’ என்பார். நேற்று சொல்லவில்லை. ‘வரச் சொல்’ என்றும் சொல்லவில்லை. “கீழ கதவு திறந்துதானே இருக்கு?” என்று மட்டும் கேட்டார். வாரம் முடிந்துவிட்டது, காட்சி ஒன்றும் இல்லை, சாத்திவிட்டோம் என்றேன். “திறந்து வை” என்றார்.

திறந்து வைத்திருக்கிறேன். நடுவில் வந்தாலும் உள்ளே விடுவார், தம்பி. முடிவதற்குள் வா.

எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கும்,
உன் அக்கா