சரிகை டப்பாவில் வைத்த புத்தகம்

நவம்பர் 23, செவ்வாய்

காலையிலிருந்து மழை. தறிக்கு அடியில் கால் வைக்கும் குழியில் தண்ணீர் ஊறிவிட்டது. அப்பா இன்றும் தறியில் உட்காரவில்லை.

இதை யார் கையில் எடுத்தாலும் சரி, இந்த வரியோடு மூடிவிடுங்கள். மூட மனம் வராவிட்டால் படித்துவிட்டு, இருந்த இடத்திலேயே, தறி ரூமில் பழைய பாவுக் கட்டைக்குப் பின்னால் வைத்துவிடுங்கள். அம்மாவிடம் காட்டவேண்டாம். அப்பாவிடம் சத்தியமாகக் காட்டவேண்டாம். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

அறிவியல் டெஸ்டுக்குப் படிக்கிறேன் என்று சொல்லித் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். புத்தகம் மடியில் திறந்துதான் இருக்கிறது.

விஷயம் இதுதான். தேவி அக்காவுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது இல்லையா, போளூர் பாஸ்கர் மாமா. (இனிமேல் பா.மா.) பெங்களூரில் வேலை. தீபாவளிக்கு அக்காவுக்கு ஒரு ஈ-புக் ரீடர் கொடுத்தார். சிலேட்டு மாதிரி இருக்கும். உள்ளே நூற்றுக்கணக்கில் புத்தகம். திரை காகிதம் மாதிரியே. கண் கூசாது. அக்கா பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறாள். பா.மா. ஈமெயிலில் கேள்வித்தாள் அனுப்புவார். அக்கா அதைக் கம்ப்யூட்டரில் இறக்கி, வயர் போட்டு ரீடருக்குள் ஏற்றிக்கொள்வாள். கம்ப்யூட்டர் அவள் புடவை பார்டர் டிசைன் போடுவதற்காக வாங்கியது.

இன்று சாயங்காலம் வயர் போட்டாள். கம்ப்யூட்டரில் ரீடர் வரவே இல்லை. கீழ் மூலையில் மஞ்சளாக ஒரு கட்டம் எழும்பியது. இந்தச் சாதனம் எது என்று தெரியவில்லை என்று இங்கிலீஷில்.

அக்கா என்னைப் பார்த்தாள். "வாணி, நீ எதுனா தொட்டியாடி இத?"

"நானா? நான் ஏன் தொடறேன்? அன்னிக்கு கரண்ட் போனப்ப நீதான் வயரப் புடுங்கின. மாமா அப்டி புடுங்கக்கூடாதுன்னு சொன்னாரில்ல?"

இவ்வளவும் என் வாயிலிருந்து தானாக வந்தது. யோசிக்கவே இல்லை. அக்கா முகம் சுருங்கிப்போயிற்று. "ஆமா இல்ல, நான்தான்" என்றாள்.

தொட்டேன். ஞாயிற்றுக்கிழமை தொட்டேன். நாளை எழுதுகிறேன்.


நவம்பர் 24, புதன்

தூறல். யூனிஃபார்ம் காயவில்லை, ஈரத்தோடு போட்டுக்கொண்டு போனேன். டெஸ்ட் சுமார்.

அக்கா இன்று செய்து பார்த்தவை:
பின்பக்க சாக்கெட்டில் மாற்றிப் போட்டது. வரவில்லை.
கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டது. வரவில்லை.
ரீடரின் சுவிட்சை வெகுநேரம் தள்ளிப் பிடித்து ஆஃப் செய்து ஆன் செய்தது. முதலில் வரும் பொம்மை வந்தது, புத்தகமெல்லாம் வந்தது, கம்ப்யூட்டரில் மட்டும் வரவில்லை.
சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்தது. (அம்மா.)

வேடிக்கை என்னவென்றால் சார்ஜ் ஏறுகிறது. ஆரஞ்சு விளக்கு எரிகிறது. அதற்குக் கரண்டைத் தெரிகிறது, கம்ப்யூட்டரைத் தெரியவில்லை.

அப்பா எட்டிப் பார்த்தார். "இன்னாமா, கம்ப்யூட்டருக்கு அடையாளம் தெரிலியாமே? ரேஷன் கார்ட காட்டச் சொல்லு." அக்கா சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன், அதிகமாக.

அம்மா: "அவங்க வூட்டுப் பொருள். இன்னும் தாலியே ஏறல, அதுக்குள்ள ஒடச்சி வச்சிகினு நிக்கிற. ஞாயித்துக்கெழமை நாள் குறிக்க வராங்களே, அந்த சிலேட்ட எட்த்தாம்மான்னு கேட்டா இன்னா காட்டுவ?"

அக்கா, "நான்தாம்மா அவசரத்துல புடுங்கிட்டேன்" என்றாள். நான் சொன்ன பொய்யை அவள் அப்படியே நம்பி, தன் வாயாலேயே சொல்கிறாள். ரசம் மட்டும் குடித்தேன்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

அம்மாவும் அக்காவும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அப்பா டீக்கடையில். அக்காவின் பீரோ சாவி தொங்கிக்கொண்டே இருந்தது. ரீடரில் ஒரு துப்பறியும் கதை இருக்கிறது, பாதி படித்திருந்தேன். (ஆமாம், அது முதல் தடவை இல்லை.) தறி ரூமில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். வாசலில் அப்பாவின் சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம். எங்கே மறைப்பது? பக்கத்தில் சரிகை டப்பா. மூடியைத் திறந்து உள்ளே திணித்து மூடிவிட்டேன்.

இதைப் படிக்கிறவருக்கு அதில் என்ன தப்பு என்று தோன்றலாம். எங்கள் வீட்டில் சாமி உண்டியலைக்கூடத் தொடலாம், சரிகை டப்பாவைத் தொடக்கூடாது. பட்டுக்கடை முதலாளி சரிகையை எடை போட்டுத்தான் கொடுப்பார். புடவையும் மிச்சச் சரிகையும் திரும்பிப் போகும்போது மறுபடி எடை. அறுந்த துணுக்கு, நகக்கண் அளவு இருந்தாலும், அப்பா அதே டப்பாவில்தான் சேர்ப்பார். போன வருஷம் எடை கொஞ்சம் குறைந்துவிட்டது. கடையில் நாலு பேர் எதிரில் முதலாளி, "வூட்ல பொண்ணுங்க இருக்குதில்ல, எதுனா கை வச்சிருக்கும்" என்று சிரித்திருக்கிறார். அப்பா, "என் வூட்டுப் புள்ளைங்க அந்த டப்பாவத் தொடாதுங்க, என் தலைமேல சத்தியம்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அதனால்தான் அங்கே மறைத்தேன். அங்கே யாரும் தேடமாட்டார்கள்.

அப்பா ரூமை விட்டுப் போகவே வெகுநேரம் ஆயிற்று. குழியில் ஊறிய தண்ணீரைச் சொம்பில் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். அப்புறம்தான் எடுத்து, பாவாடையில் துடைத்து, பீரோவில் வைத்தேன். கீறல் இல்லை. நன்றாக வேலை செய்தது. அதனால் இது என்னால் இல்லை என்றும் நினைக்கலாம். நினைத்துப் பார்க்கிறேன். நிற்கமாட்டேன் என்கிறது.


நவம்பர் 25, வியாழன்

பலத்த மழை. ஸ்கூல் லீவ். தெருவெல்லாம் செம்மண் தண்ணீர்.

அக்கா ரீடரைப் பாலிதீன் கவரில் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனாள். நானும் குடை பிடிக்கப் போனேன். வேண்டுமென்றே போனேன். அங்கே இருக்கிற அண்ணன் பார்த்தவுடன் கண்டுபிடித்து என்னைக் காட்டிக் கொடுத்துவிடுவார் என்று ஒரு பக்கம் பயம். கொடுத்துவிட்டால் தேவலை என்று ஒரு பக்கம்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இன்னாமா, சிலேட்டா, டிவியா?"

"புக் படிக்கிறதுண்ணா."

"புக்கு படிக்கறதுக்கு புக்கு இல்லியா ஆரணில?"

வேறு வயர் போட்டார். "சில வயரு சார்ஜுக்கு மட்டும்தாம்மா, டேட்டா போவாது. அதான் மேட்டரு, பாரு." அக்கா முகத்தில் ஒரு வெளிச்சம். எனக்கும். வயர்தான், வயர் மட்டும்தான், நான் இல்லை! அதே மஞ்சள் கட்டம் எழும்பியது.

"பேஜாரா கீதே" என்றார். ரீடரின் ஓட்டையில் வாயை வைத்து ஃபூ என்று ஊதினார். "நெசவுக்காரங்க வூட்ல இதான். பட்டு நூல் பறந்துகினே இருக்கும், உள்ள போயி எதுனா அடச்சிகினு இருந்தாலும் இப்டிதான் பண்ணும். லென்சு வச்சி பாக்கணும். கடைல இல்ல. வேலூருக்கு எடுத்துகினு போங்க."

உள்ளே எதுனா அடச்சிகினு.

திரும்பி வரும்போது என் குடை அக்கா மேல் இல்லாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். அவள் தோள் முழுக்க நனைந்துவிட்டது. திட்டவில்லை. "உனக்கு ஜொரமாடி?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வந்ததும் ரீடரைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.


நவம்பர் 26, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது. அம்மா கார்த்திகை தீபத்துக்கு ஏற்றிய அகல்களைக் கழுவிக் காயவைத்தாள். கணக்கு நோட்டு வாங்க வேண்டும். வகுப்பில் சரசு கொடுத்த இலந்தவடை இன்னும் பையில்.

இதெல்லாம் ஏன் எழுதுகிறேன்.

சாயங்காலம் பா.மா. போன் செய்தார். அக்கா கிணற்றடியில் பேசினாள். நான் துணி எடுக்கிற மாதிரி நின்றேன். அவர் சத்தமாகப் பேசுவார், எல்லாம் கேட்கும்.

"புதுசா ரெண்டு பேப்பர் அனுப்பனேன், ஏத்திட்டியா?"

அக்கா வாளிக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். "ஞாயித்துக்கெழமை வரீங்கல்ல, அந்த ரீடர எடுத்துகினு போயிடுங்க. எனக்கு வேணாம்."

"ஏன்? இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் ஆவல. வேணாம்."

"படிப்பு வேணாமா, இல்ல நானே வேணாமா? நேராச் சொல்லு தேவி."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு போனை வைத்துவிட்டாள். உடைத்துவிட்டேன் என்று சொல்ல அவளுக்கு அவ்வளவு வெட்கம். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் போளூரிலிருந்து அவருடைய அம்மா. எங்கள் அம்மாவிடம் போனில், ஸ்பீக்கரில். "பொண்ணு மனசுல எதுனா வச்சிகினு இருக்குதா சம்பந்தி? எம்புள்ள சாப்புடாம படுத்துகினு கீறான். பொண்ணுக்கு இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லிடுங்க, நாள் குறிச்சப்புறம் அசிங்கம்."

அம்மா அக்காவை உலுக்கினாள். "இன்னாடி சொன்ன அந்தப் புள்ளகிட்ட?" அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அப்பா சோற்றில் கை வைத்தபடி, "ஏம்மா, புடிக்கலன்னா அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமில்ல" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அக்காவுக்குப் பிடித்திருக்கிறது. எனக்குத் தெரியும். பார்டர் டிசைனில் ஒரு அன்னத்தின் கண்ணுக்குள் இங்கிலீஷில் பி என்று ஒரு எழுத்தை ஒளித்து வைத்திருக்கிறாள். நான் கண்டுபிடித்தேன், அவள் என் வாயில் சர்க்கரையைப் போட்டு மூடினாள்.

எல்லோரும் தட்டில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மோர் கேட்டேன். மோர்.


நவம்பர் 27, சனி

மழை இல்லை. நாளைக்கு அவர்கள் வருகிறார்கள். வருவார்களா, நாள் குறிக்கவா, வேண்டாம் என்று சொல்லவா, தெரியாது.

மத்தியானம் அக்கா ரவிக்கை தைக்கக் கொடுத்ததை வாங்கிவரப் போனாள். குளித்துவிட்டுப் போன அவசரத்தில் சாவியை மறந்துவிட்டாள். அப்பா வெளியே. அம்மா மாவு மெஷினுக்குப் போயிருந்தாள்.

எடுத்தேன். வாசல் வெளிச்சத்தில் ஓட்டைக்குள் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அப்பாவின் மூக்குக்கண்ணாடியைத் தூரத்தில் பிடித்து லென்ஸ் மாதிரி வைத்துப் பார்த்தேன். உள்ளே ஏதோ மின்னியது.

ரீடரை முழுக்க ஆஃப் செய்தேன். தறி அச்சின் பல் இடுக்கில் இழையை வாங்கும் மெல்லிய கொக்கி தறியிலேயே செருகி இருக்கும், அதை எடுத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு மெதுவாக. முதலில் வரவில்லை. அப்புறம் வந்தது.

சரிகைத் துணுக்கு. அரிசி நீளம்கூட இல்லை. மேலே தங்கம், பிரிந்த இடத்தில் உள்ளே சிவப்புப் பட்டு. அந்தச் சின்னத் தகடுகளுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டு இருந்திருக்கிறது. பட்டு நூலாக இருந்திருந்தால் அந்த அண்ணன் ஊதியபோதே பறந்திருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது. இது தங்க முலாம் போட்ட வெள்ளி, கரண்ட் பாயும். அதனால்தான்.

வயரைப் போட்டேன். டிங் என்று சத்தம். மஞ்சள் கட்டம் இல்லை. மை கம்ப்யூட்டரில் வரிசையாக எல்லாம், கடைசியில் ரீடர். கேள்வித்தாள்கள், என் துப்பறியும் கதை, எல்லாம். சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட இருக்கவில்லை. இனி என்னால் இல்லை என்று நினைக்க முடியாது.

பீரோவில் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருந்திருக்கலாம். அதுவாகச் சரியாகிவிட்டது என்று அக்கா நினைத்துக்கொள்வாள். அப்படித்தான் செய்தேன் முதலில். பூட்டினேன். சாவியைக்கூட இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அக்கா பீரோவைத் திறந்தாள். ரீடரை வெளியே எடுத்தாள், ஆன் பண்ணிக்கூடப் பார்க்கவில்லை. பா.மா. கொடுத்த அட்டைப் பெட்டியிலேயே வைத்து, வயரைச் சுருட்டி வைத்து, மேலே மஞ்சள் பை சுற்றி, அம்மாவிடம், "நாளைக்கி நீயே குட்த்துடும்மா, நான் எதிர்ல வரல" என்றாள். அம்மா, "அப்ப அவ்ளோதானா?" என்றாள். அக்கா முறுக்கு பிழிய உட்கார்ந்துவிட்டாள். பிழிந்துகொண்டே இருக்கிறாள். வருவார்களோ மாட்டார்களோ என்று தெரியாத ஆட்களுக்கு.

ரீடர் சரியானால் மட்டும் போதாது. நான்தான் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். நீ பிடுங்கியதால் இல்லை என்று தெரிய வேண்டும். அப்போதுதான் அவள் போனை எடுப்பாள்.

ஒரு காகிதத்தில் எழுதினேன்: அக்கா, நீ இல்லை, நான். ஞாயிற்றுக்கிழமை சரிகை டப்பாவில் மறைத்தேன். இது உள்ளே இருந்தது. இப்போது கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது. மாமாவுக்கு இன்றைக்கே போன் பண்ணு. அப்பாவுக்குச் சொல்லாதே. கடைசி வரியை அடித்துவிட்டேன். மறுபடி எழுதினேன். மறுபடி அடித்துவிட்டேன். துணுக்கை அதில் மடித்து, ரீடர் பெட்டியின் மேல் வைத்து, பெட்டியை அக்கா தலையணையில் வைத்துவிட்டு இங்கே தறி ரூமுக்கு வந்து தாழ்ப்பாள் போட்டேன்.

எண்ணெய்ச் சத்தம் நின்றுவிட்டது. அக்கா கை கழுவுகிறாள். அக்கா ரூம் லைட் எரிகிறது. ஒரு சத்தமும் இல்லை.

கம்ப்யூட்டர் போடும் சத்தம். டிங்.

அக்கா யாரிடமோ பேசுகிறாள். போனிலா? சிரிக்கிறாளா அழுகிறாளா, சரியாகக் கேட்கவில்லை. "இல்லீங்க, அப்டியெல்லாம் இல்லீங்க" என்கிறாள். போனில்தான். கடவுளே, போனில்தான். "சரிகை டப்பா" என்று அவள் சொல்வதும் கேட்கிறது, கூடத்தில் அப்பா இருமுவதும் கேட்கிறது.

யாரோ நடந்து வருகிறார்கள். அக்கா கதவைத் தட்டினால் வளையல் சத்தமும் சேர்ந்து கேட்கும்.

தட்டுகிறார்கள். வளையல் சத்தம் இல்லை.

"வாணி. கதவத் தொறம்மா. அந்த டப்பாவையும் கைல எடுத்துகினு வா."