கூரை போடாத மாப்பிள்ளை

சோங்கோல் மேய்ச்சல் மலை
ஜூன் 12

என் குதிரைக்குட்டி பெகாயிமுக்கு,

பாட்டியின் ஆயிரம் முத்தம். இங்கே போனில் சிக்னல் கிடைக்காததால் பால் வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பக்கத்துக் கூடாரத்துச் சைராகுல், தன் மகன் எர்மெக்குக்காக உனக்கு வெள்ளித் தோடு கொண்டுவந்தாள். வாங்கி வைத்துவிட்டேன். பையன் தங்கம். வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருக்கிறான். கார் வாங்கியிருக்கிறான், சக்கரம் மட்டும் வரவேண்டும். மீசைகூட வந்துகொண்டிருக்கிறது. நீ லீவுக்கு வந்ததும் சைராகுல் உன் காதில் தோட்டை மாட்டினால் நிச்சயம் முடிந்தது. ஐந்தாவது வரை படித்த நான் ஆங்கில டீச்சருக்குப் பாட்டி என்று மலை முழுக்கச் சொல்லியாகிவிட்டது. இனி கல்யாணம்தான் பாக்கி.

உல்ஜான் பாட்டி

பிஷ்கெக்
ஜூன் 19

அன்புள்ள பாட்டி,

இன்னும் முழுசாக வளராதவற்றை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று இன்று பாடம். பறக்கப் பழகாத குஞ்சு ‘ஃபிளெட்ஜ்லிங்’. புதிதாகத் திறந்த கடையையும் அப்படிச் சொல்வார்களாம். வேகாத ரொட்டி போன்ற யோசனை ‘ஹாஃப்-பேக்டு’. இப்போதுதான் தலைகாட்டுவது ‘நேசன்ட்’. உதாரணம் எழுதச் சொன்னார்கள். வீடு, கார், மீசை என்று எல்லாவற்றுக்கும் எர்மெக் ஒருவரே போதும், முழு மதிப்பெண்! என்னையும் எழுதினேன், ஒரு வருடப் படிப்பு பாக்கியிருக்கும் டீச்சர் என்று. நிச்சயம் ஆகிவிட்டால் எர்மெக் வீட்டார் என்னைப் படிக்க விடமாட்டார்கள் பாட்டி. தோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பெகாயிம்

சோங்கோல்
ஜூன் 27

பெகாயிம் கண்ணு,

திருப்பிக் கொடுக்கத்தான் எடுத்தேன். கொடுப்பதற்குமுன் ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். கொக்கி சிக்கிக்கொண்டது. அப்படியே போனால் சைராகுல் விடுவாளா?

"தோடு காதுல ஏறிடுச்சுன்னா நிச்சயம்தான். வா மருமகளே, டீ ஊத்து!"

கூடாரமே சிரித்தது. எர்மெக் முகத்தில் ரத்தமே இல்லை.

"உன் பையன் ஃபிளெட்ஜ்லிங். அவன் மீசை நேசன்ட்!" என்றேன்.

"ஐயோ, டாக்டர்கிட்ட காட்டணுமா?" என்று பதறினாள் சைராகுல்.

"டாக்டர் வேணாம், வீட்டுக்குக் கூரை போடணும்டி! ரெண்டு வயசுக் குதிரைமேல நீ சேணம் வைப்பியா?"

"யாராவது வைப்பாங்களா? முதுகு போயிடுமே."

"அப்ப என் பேத்தியும் படிச்சு முடிக்கட்டும்."

சைராகுல் தானே எனக்கு டீ ஊற்றினாள். எர்மெக்தான் ஆட்டுவால் கொழுப்பைத் தடவி, வலிக்காமல் தோட்டைக் கழற்றினான். "அவ படிக்கட்டும் பாட்டி. நானும் கூரையைப் போட்டுடறேன்" என்று மெல்லச் சொன்னான். பையன் மோசமில்லை. ஆனால் அடுத்த வருடம் படிப்பை முடித்துவிட்டு வந்து நீயே பார்த்துக்கொள். யார் தோட்டையும் இனி நான் போட்டுப் பார்ப்பதாக இல்லை.

ஒரு காது வீங்கிய,
ஆங்கிலத்தில் இன்னும் பறக்கப் பழகாத
உன் பாட்டி