புதினா மணக்கும் கை

மார்ச் 4

அன்புள்ள குட்டிக்கு,

நீ, மாப்பிள்ளை, குழந்தை எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுதினால் பேனாவே சிரிக்கும். போனில் பேசலாம் என்றால், யாரோ வீட்டுக்குள் நுழைந்துவிட்டதாக அப்பா பதறுகிறார். அதனால்தான் கடிதம்.

நீ பழைய பக்கெட்டில் நட்டுவிட்டுப் போன புதினா வாடுகிறது. அடி இலை மஞ்சள், மேலே குச்சி குச்சியாக நிற்கிறது. போனால் போகட்டும் என்று விட முடியவில்லை. அப்பாவுக்குக் கண் போன பிறகு, டீக்கு இலை கிள்ளிய கையின் மணத்தை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடிக்கிறார். "மூத்தவளே, வந்துட்டியா?" என்பார். இப்போது நினைவும் தடுமாறுகிறது, குரலும் பிடிபடுவதில்லை. தையல் மெஷின் எண்ணெய்க் கையோடு போனால், "யாரு நீ? என் பொண்ணு எங்க?" என்று கத்துகிறார். அதனால் அவர் அறைக்குள் போகும்போதெல்லாம் ஓர் இலையைக் கசக்கிக்கொண்டுதான் போகிறேன். கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் அவர் போடும் சத்தத்தில் தெருவே கூடிவிடுகிறது.

இன்னொன்று. சீருடை தைக்கிற கம்பெனி ஒன்றில் துணி வெட்டும் பிரிவுக்கு என்னைத் தலைமையாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேறு ஊர். தங்குவதற்கு அறையும் தருகிறார்கள். ஜூன் முதல் தேதி சேர வேண்டும். குழந்தைக்குப் பரீட்சை முடிந்ததும் அப்பாவை அழைத்துக்கொள்வதாகச் சொன்னாயே, எப்போது வருகிறாய்?

உன் அக்கா

மார்ச் 19

என் தங்கமான அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்ததும் அப்படி ஒரு சந்தோஷம். புதினாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே. பக்கெட் முழுக்க வேர் அடைத்திருக்கும். பெயர்த்து எடுத்து, வேரை இரண்டாகப் பிரித்து, புது மண்ணும் தொழு உரமும் போட்டு இரண்டு தொட்டியில் வை. காலை வெயில் மட்டும் போதும். மண் ஈரமாக இருக்கட்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. நுனியைக் கிள்ளக் கிள்ளத்தான் பக்கத்தில் கிளைக்கும். தரையில் மட்டும் நட்டுவிடாதே, அப்புறம் தோட்டம் அதற்குத்தான் சொந்தம்.

வேலை விஷயம் கேட்டு மனசு குளிர்ந்தது. உன் கை கத்தரிக்கோல் பிடித்தால் கேட்கவா வேண்டும். மற்றதை எழுதப் பேப்பரில் இடம் இல்லை. அப்பாவுக்கு என் முத்தம்.

உன் குட்டி

ஏப்ரல் 10

குட்டிக்கு,

செடிக்கு ஒரு பக்கம், எனக்கு இரண்டு வரி. பேப்பரைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருந்தது.

நீ சொன்னபடி பெயர்த்தேன். வேரெல்லாம் பக்கெட்டின் வடிவத்திலேயே சுற்றிச் சுற்றிக் கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வேலை ஓடாமல் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே இருந்து அப்பா கூப்பிட்ட பிறகுதான் எழுந்தேன். இப்போது இரண்டு தொட்டியிலும் துளிர் வந்திருக்கிறது.

கம்பெனியில் பதில் கேட்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது குட்டி. இதை விட்டால் இந்த வீட்டின் வாசலைத் தாண்டவே மாட்டேன் என்று தோன்றுகிறது. வருகிறாயா, இல்லையா? ஒரு வார்த்தை போதும்.

அக்கா

மே 2

அன்பு அக்காவுக்கு,

கோபப்படாதே. எங்கள் வீடு மூன்றாவது மாடி, அப்பா எப்படி ஏறுவார்? போன தடவை வந்தபோது என்னையே யாரென்று கேட்டாரே, மறந்துவிட்டாயா? அவருக்கு உன் கை ஒன்றுதான் தெரியும். உன்னை விட்டால் யாராலும் அவரைச் சமாளிக்க முடியாது. அது உனக்குக் கிடைத்த வரம் என்றுதான் நான் நினைக்கிறேன். வேலை இன்னொன்று வராமலா போகும்?

புதினாவில் பூ வந்தால் உடனே கிள்ளிவிடு. விட்டால் இலையில் மணம் குறையும்.

குட்டி

மே 20

குட்டிக்கு,

போன செவ்வாய்க்கிழமை பல் வலி தாங்காமல் டாக்டரிடம் போனேன். எதிர்வீட்டு டீச்சரை அப்பாவுக்குத் துணையாக உட்காரச் சொல்லியிருந்தேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பினால் வீட்டில் சத்தமே இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், அப்பா டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "மூத்தவளே, இன்னைக்கு டீ நல்லா இருக்குடி" என்கிறார். டீச்சர் டீக்குப் புதினா கிள்ளியிருக்கிறார், அவ்வளவுதான்.

கதவருகிலேயே நின்றேன். முதலில் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு. அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டேன். இத்தனை காலம் அவர் பிடித்துக்கொண்டிருந்தது என்னை இல்லை, அந்த மணத்தைத்தான்.

ஆக, வரம் எல்லாம் ஒன்றும் இல்லை. கம்பெனிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் ஒரு தொட்டியையும் அழைத்துக்கொண்டு வருகிறேன். மாடிக்கு மாப்பிள்ளையும் நானும் கைத்தாங்கலாக ஏற்றிவிடுவோம். மறுநாள் நான் அங்கிருந்தே வேலைக்குக் கிளம்புகிறேன். அவர் அறைக்குள் போகும் முன் ஓர் இலையைக் கசக்கிக்கொள். "மூத்தவளே" என்பார். "ஆமாப்பா" என்று சொல். திருத்தாதே.

அக்கா

ஜூலை 6

அக்காவுக்கு,

அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். செடி பால்கனியில் அடர்ந்து நிற்கிறது. நான்தான் வாடிவிட்டேன். குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவதற்குள் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்கிறது. ஒருநாள் ஆற்றாமையில், "அப்பா, நான் சின்னவ" என்று சொல்லிவிட்டேன். "அவ எங்க வரப்போறா" என்றார்.

நீ எப்படித்தான் இருந்தாயோ. உனக்கு லீவு எப்போது? ஒரே ஒரு நாள் போதும் அக்கா.

குட்டி

ஜூலை 15

அன்புள்ள குட்டிக்கு,

பேப்பரில் இடம் இல்லை என்று எழுதி அனுப்பலாம் என்று ஆசையாகத்தான் உட்கார்ந்தேன். மனசு வரவில்லை.

இங்கே வேலை நன்றாகப் போகிறது. நான் கோடு போட்டால்தான் கத்தரிக்கோல் நகரும். ஆனால் எந்தக் கதவைத் திறக்கப் போனாலும் கை தானாக இலையைத் தேடுகிறது. போன வாரம் கடையில் ஒரு கட்டு புதினா வாங்கி, இரண்டு தண்டைத் தண்ணீரில் போட்டு ஜன்னலில் வைத்திருக்கிறேன். வேர் விட்டுவிட்டது. யாருக்கு என்று கேட்காதே.

வருகிற சனிக்கிழமை வருகிறேன். நீ குழந்தையோடு வெளியே போய்ச் சாவகாசமாக வா. ஆனால் அன்றைக்கு நான் இலையைத் தொட மாட்டேன். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டுதான் அவர் பக்கத்தில் போய் உட்காரப் போகிறேன். "யாரு நீ?" என்றுதான் கேட்பார், தெரியும். கேட்கட்டும். என் கையை ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

உன் அக்கா