பவளம் ஒரு எலி

என் இடுப்பிலேயே வளர்ந்த பாலுத் தம்பிக்கு,

உன் பவளம் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். அடுப்படியில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், தரையில் வைத்த கம்பிக் கூண்டுக்குள். நாறுகிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் என் வாய் வேறு எதையும் பேச மாட்டேன் என்கிறது.

இதை உனக்கு மட்டும் எழுதிப் பெட்டிக்குள் மடித்து வைத்தால் போதாது, நாலு பேர் படிக்க வேண்டும். பவளம் என்று ஒருத்தியைச் சென்னையில் வைத்து நீ குடும்பம் நடத்துகிறாய் என்று சொந்தபந்தத்தில் சொல்லித் திரிந்தது நான்தான். திருச்சுழிப் பக்கத்து நம் ஊரில் உன்னைக் கிடத்தியிருந்த பந்தலுக்குக் கீழேயே, "அவ வந்துருக்காளா? எவ அவ?" என்று சேலை முந்தியை வாயில் பொத்திக்கொண்டு கேட்டார்கள். அந்த அசிங்கத்தைக் கிளப்பிவிட்டவள் நான். நானே ஊரறியச் சொல்கிறேன். பவளம் ஒரு எலி. ஹாம்ஸ்டர் என்று பேராம். எந்தப் பேர் வைத்தாலும் என் கண்ணுக்கு எலிதான்.

எனக்கும் எலிக்கும் உள்ள பகை உனக்குத் தெரியாததா? அருப்புக்கோட்டை பஜாரில் உன் மாமா நடத்துகிற தானியக் கடையில் கம்பும் சோளமும் குதிரைவாலியும் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. கடை திறந்ததும் என் முதல் வேலை, பசை அட்டையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும் எலிகளை அட்டையோடு மடித்துக் கொண்டுபோய்ப் போடுவது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து செய்துவந்தேன். அந்த வாலும், அந்த முழிக்கிற கண்ணும், பாதி உயிரில் அது போடுகிற சத்தமும்! சோப்பை மாற்றி மாற்றிக் கழுவினாலும் அந்தக் கையால் காபி டம்ளரைத் தொட மனசு வராது. லீவுக்கு வரும்போதெல்லாம் நான் முகத்தைச் சுளிப்பதைப் பார்த்துச் சிரித்தவன் நீ. அப்படிப்பட்டவன் போய் ஒரு எலியைப் பிடித்து வளர்த்திருக்கிறாய். அதற்குப் பொம்பளைப் பிள்ளை பேர் வேறு.

"அக்கா, வீட்டுக்கு ஒரு ஆள் வந்துருக்குக்கா. பேரு பவளம்" என்றாய் போனில். எந்த ஊர், என்ன ஆளுக என்று கேட்டேன். "அதெல்லாம் தெரியலைக்கா. கடையில பாத்தேன், பிடிச்சிருச்சு, கூட்டிட்டு வந்துட்டேன்" என்றாய். அடுத்த வாரம் கூப்பிட்டபோது, "ராத்திரி பூரா தூங்க விட மாட்டேங்குறாக்கா, ஒரே ஆட்டம்" என்றாய். அது சக்கரத்தில் ஏறி ஓடுவதைத்தான் சொல்லியிருக்கிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? கூடப் பிறந்த அக்காவிடம் பேசுகிற பேச்சா இது என்று உடம்பெல்லாம் கூசிப்போனது. "ச்சீ! வை போனை" என்று சொல்லிவிட்டு நானே வைத்துவிட்டேன்.

வைக்கும்போது நீ சிரித்தது காதில் விழுந்தது. திரும்ப ரெண்டு தடவை கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. "தீவாளிக்குக் கூட்டிட்டு வாரேன், பாத்தா நீயே சிரிப்ப" என்று செய்தி அனுப்பினாய். கொழுப்பைப் பார் என்று நினைத்துக்கொண்டு பதில் போடாமல் விட்டேன். ஒன்பதாம் நாள், காய்ச்சல் முற்றி உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகப் போன் வந்தது. காய்ச்சல் என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எப்படிச் சொல்வாய், போனை எடுக்காதவளிடம். நாங்கள் ஏறிய பஸ் திருச்சியைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆக, நான் உன்னிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை "ச்சீ".

கருமாதி முடிந்து உன் ரூமைக் காலி பண்ணப் போனோம். கூட வந்த சித்தப்பா செய்ததைக் கேள். உன் சட்டைகளை ஒவ்வொன்றாக மோந்து பார்த்து எடுத்து வைத்தார். உன் ஷூவைக் காலில் மாட்டி ரூமுக்குள் அங்கேயும் இங்கேயும் நடந்து பார்த்தார். "கடிக்கலை, அளவாத்தான் இருக்கு" என்றார். அப்போதுதான் உன்னோடு வேலை பார்த்த அந்தப் பிள்ளை நந்தினி, துண்டு போட்டு மூடிய கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் தன் வீட்டில் வைத்திருந்ததாம். "அக்கா, இதுதான் பவளம்" என்று துண்டை எடுத்தது.

நான் பாத்ரூமுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். எலியைப் பார்த்து வந்ததா, என்னை நினைத்து வந்ததா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

கூண்டை யாரும் எடுக்கவில்லை. சித்தப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போனார். உன் மாமா மெதுவாக, "என்ன செல்வி, அந்தப் பிள்ளைகிட்டயே விட்டுருவமா?" என்றார். அதன் வீட்டில் பூனை இருக்கிறதாம், இதற்கு மேல் முடியாது என்று சொல்லிவிட்டது. எப்படி வளர்ப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தது. படிக்காமலே பைக்குள் திணித்துக்கொண்டு, "தூக்குங்க" என்றேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா "முயல்குட்டியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எலி என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அருப்புக்கோட்டையில் இறங்கி வீட்டுக்குப் போனால், அத்தை நிலைப்படியில் குறுக்கே நின்றுகொண்டார். என் மாமியாரை உனக்குத் தெரியாதா? "செத்தவன் ரூம்ல இருந்து வாரீக. தலைக்கு ஊத்தாம ஒருத்தரும் உள்ள வரக் கூடாது." கொல்லைப்புறம் போய் நானும் உன் மாமாவும் ஊற்றிக்கொண்டோம். கூண்டைக் கையில் எடுத்தேன்.

"அது ஊத்திக்கிருச்சா?" என்றார் அத்தை.

"அத்தை, அது எலி."

"எலியா இருந்தா என்ன? கூடவே கிடந்துருக்கு, அவன் கையால தின்னுருக்கு. நம்மளை விட அதுக்குத்தான் தீட்டு ஜாஸ்தி. ஊத்து."

சொந்தம் என்றால்தானே தீட்டு. கூண்டைத் துவைக்கிற கல்லில் வைத்து, மஞ்சள் தண்ணீரைச் செம்பில் மொண்டு கம்பி வழியாக மூன்று தடவை ஊற்றினேன். மூன்றாவது செம்புக்கு அது கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. அப்புறம் சத்தமில்லை. முடியெல்லாம் ஒட்டிப்போய், இருந்ததில் பாதியாகச் சுருங்கி, வெடவெடவென்று நடுங்கி, பிறகு நடுக்கமும் நின்று கிடந்தது. தினமும் அட்டையில் மடித்துப் போடுவேனே, அசல் அதேதான்.

பையைக் கவிழ்த்துத் தாளைத் தேடினேன். முதல் வரியே, "தண்ணீர் படவே கூடாது" என்று இருந்தது. நந்தினிக்குப் போன் போட்டேன். "ஐயோ அக்கா! குளிர்ல செத்துரும் அக்கா! துடைங்க, கையில வச்சுச் சூடு குடுங்க. உடம்போட ஒட்டி வச்சுக்கோங்க" என்று அழுதது. உன் மாமா கையை நீட்டினார், பிறகு இழுத்துக்கொண்டார். "என் கை வேண்டாம் செல்வி" என்றார். பசை அட்டை வைத்து இத்தனை எலிகளைக் கொன்ற கை என்று நினைத்தாரோ என்னவோ, நான் கேட்கவில்லை.

நான்தான் எடுத்தேன். பழைய வேட்டித் துணியில் துடைத்து, சுருட்டி, சேலைக் கொசுவத்துக்கு மேலே வயிற்றோடு சேர்த்து மடியில் கட்டிக்கொண்டேன். என் வயிற்றில் எலி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பே முதுகெல்லாம் புழுவாக ஊர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெயில் விழுகிற இடத்தில் உட்கார்ந்தேன். நம் ஊர் வெயில் ஒருத்தருக்கு நல்லது செய்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எவ்வளவு நேரம் ஆனதோ, மடியில் சூடாக ஈரம் பரவியது. மூத்திரம் பெய்துவிட்டது! ச்சீ என்று கத்திக்கொண்டே அழுதேன். அடுத்து விரலைக் கடித்தது. ரத்தம் வந்தது. உயிர் இருக்கிறது, உயிர் இருக்கிறது என்று உன் மாமாவைக் கூப்பிட்டேன்.

அதற்கப்புறம் அந்தத் தாளை மந்திரம் மாதிரி படித்தேன். ஒரு வாரத்துக்குத் தொடக் கூடாது. கூண்டு ஒரே இடத்தில் இருக்க வேண்டும். வெக்கை ஆகாது, அதனால்தான் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தேன். பஞ்சு போடக் கூடாதாம், காலில் சுற்றிக்கொள்ளுமாம். பருத்தி விளைகிற சீமையில் அதற்குப் பஞ்சு ஆகாது, பார்த்தாயா. ஆசாரி பட்டறையில் இழைத்துப் போட்ட மரச் சுருளை உன் மாமா சாக்கில் அள்ளி வந்தார். ஒரு சின்ன மண்கலயத்தைப் படுக்கப் போட்டேன், அதுதான் அதற்கு வீடு. குளிக்க ஒரு கிண்ணத்தில் மணல். மணலில் புரண்டு குளிக்கிறது. இந்த வானம் பார்த்த பூமிக்கென்றே பிறந்த பிராணி போலிருக்கிறது. மனுஷி நான்தான் தண்ணீர் ஊற்றிக் கொல்லப் பார்த்தேன்.

அதன் லட்சணத்தைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். மஞ்சள் பல். ஒரே மூலையில் மூத்திரம் பெய்து வைக்கிறது, அந்த நெடி சாம்பார் கொதிக்கிற வாசனையையும் மீறி வருகிறது. போட்ட புழுக்கையைத் தானே எடுத்துத் தின்கிறது. கண்ணால் பார்த்தேன், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் ரெண்டு கன்னமும் வீங்கிக் கிடந்தது. கட்டி வந்துவிட்டது என்று பதறி நந்தினியைக் கூப்பிட்டால், "இரை அடக்கி வச்சுருக்குக்கா" என்று சிரித்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு கை நிறையக் கம்பை எச்சிலோடு வாயிலிருந்து வழித்துக் கலயத்துக்குள் தள்ளியது. இதையா நீ கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினாய்? எப்படிடா முடிந்தது உன்னால்?

அந்தக் கம்பு உன் மாமா கொண்டுவருவது. கடை அடைத்து வரும்போது காகிதத்தில் மடித்து எடுத்து வருகிறார், கல் பொறுக்கி. எனக்குக் கூட அப்படிப் பொறுக்கிக் கொடுத்ததில்லை. "கடையில தின்னா கொல்றேன், வீட்ல தின்னா வளக்குறேன். என்னை என்னன்னு சொல்றது?" என்று தானே கேட்டுக்கொண்டு சிரிக்கிறார். பசை அட்டையை இப்போது அவர்தான் எடுத்துப் போடுகிறார். என்னை அந்தப் பக்கமே விடுவதில்லை.

தாளில் கடைசி வரி ஒன்று இருந்தது. "தினமும் ஒரே நேரத்தில் ஒரே பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், குரல் பழகும்." எனக்கு அந்தப் பேர் வாயில் வரவில்லை பாலு. அந்தப் பேரைச் சொல்லி எத்தனை பேரிடம் காறித் துப்பியிருக்கிறேன். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கூண்டைத் திறப்பேன், மூலையைச் சுத்தம் பண்ணுவேன், இரை வைப்பேன், சாத்துவேன். பேசியதில்லை. அது கலயத்தை விட்டு வெளியே வந்ததுமில்லை. நான் போன பிறகுதான் வந்து தின்னும். இப்படியே பயந்து செத்துப்போகுமோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே படபடப்பு. உன்னோடு இருந்த ஒரே உயிர், என் வீட்டில் வந்து என்னாலேயே போனால் நான் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு இருப்பேன்?

போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வரக் கொஞ்சம் பிந்திவிட்டது. அடுப்படிக்குள் கால் வைத்ததுமே நெடி ஆளைத் தள்ளியது. "ச்சீ" என்றேன். கலயத்துக்குள் சரசரவென்று சத்தம். ரோஸ் நிற மூக்கு ஒன்று வெளியே வந்தது. அப்படியே ஓடிவந்து, ரெண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று என்னைப் பார்த்தது. அதன் விரல்களை அப்போதுதான் பார்த்தேன். பவள நிறம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் மனசைத் தேற்றிக்கொண்டு "பவளம்" என்று கூப்பிட்டேன். அசைவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன், ம்ஹூம். "ச்சீ" என்றேன். ஓடி வந்தது.

பின்னால் நின்ற அத்தை சொன்னார்: "நீ கூண்டைத் தொறக்கையில எல்லாம் அதைத்தான சொல்ற. அது தன் பேரே ச்சீன்னு நினைச்சுக்கிருச்சுடி."

நான் பேசவே இல்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா போன பிறகு, மூக்கு ஒழுகிக்கொண்டு தெருவில் திரிவாய். துடைத்துவிட என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு "ச்சீ, இங்க வா" என்பேன். எங்கே இருந்தாலும் சிரித்துக்கொண்டே ஓடிவந்து முகத்தை நீட்டுவாய். எனக்கு மறந்துபோயிருந்தது. உனக்கு மறக்கவில்லையோ? போனை வைக்கும்போது நீ அதற்காகத்தான் சிரித்தாயா? கூப்பிடுகிறாள் என்றுதான் ரெண்டு தடவை திரும்பக் கூப்பிட்டாயா?

இதற்கு ஆயுசே ரெண்டு ரெண்டரை வருஷம்தான் என்கிறது நந்தினி. இருக்கிற வரைக்கும் மூலையைத் துடைப்பேன், புழுக்கையை அள்ளுவேன், முகத்தைச் சுளிப்பேன். அருவருப்பு போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், போகவில்லை. ஆனால் தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்த வார்த்தையைச் சொல்லிக் கூப்பிடுவேன். அது வந்து நிற்கும். நீ எங்கே இருந்தாலும் உனக்கும் கேட்கட்டும், தம்பி. உன்னையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறேன்.

உன் மூக்கைத் துடைத்துவிட்ட,
உன் போனை எடுக்காத,
செல்வி அக்கா.